மகாகவி கதேயின் மதுக்கிண்ணம்

சில மாதங்களுக்கு முன் எங்கள் கல்லூரியிலே திருக்குறளிற் கள்ளுண்ணாமை அதிகாரத்தைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். பாடம் முடியுந் தறுவாயில் மாணவன் ஒருவன் எழுந்து, காளிதாசரின் சாகுந்தலத்தை ஜேர்மன் மொழிபெயர்ப்பிற் படித்து வியந்து பாடிய கவிஞர் கதே நாள்தோறும் மது அருந்தியவர் எனத் தான் ஒரு நூலிற் கண்டதாகவும், அவரைச் சான்றோர் என்று யான் முந்திய நாள் புகழ்ந்தது எவ்வாறு பொருந்தும் என்றும் கேட்டான். பணிவோடுதான் கேட்டான். எனினும் வகுப்பிலே மெல்லிய சிரிப்பொலி எழுந்தது. சங்கச் சான்றோரும் தேறல் உண்டனர், அதியமான் ஔவையாரோடு கள்ளைப் பகிர்ந்துண்டான் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்; மணியும் அடித்தது. சமாளித்துச் சொல்லும் விடை விடையாகாது என்பது முப்பது ஆண்டு ஆசிரியத் தொழில் செய்த எனக்குத் தெரியாததன்று. அதன் பின்னர்க் கதேயின் வரலாற்றை அவருடைய மதுக்கிண்ணத்தின் பக்கமாக நின்று மீண்டும் படித்தேன். அவ்வாறு படித்தபோது கண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

கதேயின் குடும்பத்தை ஆக்கியதே மதுதான். அவருடைய தந்தையாரின் தந்தையார் பிரீட்ரிக் கெயோர்க் என்பவர் ஒரு தையற்காரர். துரிங்கியா நாட்டிற் பிறந்து, பிரான்சு தேசத்து லியோன் நகரிலே தொழில் நுணுக்கம் பயின்று, பின்னர் மைன் நதிக்கரையிலுள்ள பிராங்போட் நகரில் வந்து குடியேறினார். செல்வர் வீட்டுப் பெண்களுக்குப் பட்டாடை தைத்து நற்பெயரும் பெற்றார். 1705 ஆம் ஆண்டிலே ஒரு கைம்பெண்ணை மணந்தார். அவ்வம்மையாருக்கு அந்நகரிலே வைடன்ஹோவ் என்னும் பெயருடைய விடுதி ஒன்று உரிமையாயிருந்தது. அன்றோடு தையலூசி மூலைக்குப் போயிற்று. பிராங்போட்டோ பெருஞ் சந்தைகள் கூடும் ஊர். நாலா திசையிலிருந்தும் வணிகர் வருவர். வருவோர்க்கு உணவும் படுக்கையும் வேண்டும். உணவோடு மதுவும் வேண்டும். ரைன் நதியின் சரிவுகளில் விளைந்த மது பீப்பா பீப்பாவாகப் படகேறி அந்நகருக்கு வரும். அதை வாங்கி, நிலவறையில் வைத்துப் பக்குவஞ் செய்து, விலையேறும்போது விற்பது பெரும் ஊதியமுள்ள தொழில். பாட்டனார் அதிலே சேர்த்த பொருள் எத்துணைப் பெரிதென்றால், அவர் மகனாகிய யோகான் காஸ்பார் சட்டம் பயின்று பட்டம் பெற்றும் வாழ்நாள் முழுவதும் சம்பளத்திற்கு உழைக்க வேண்டியதில்லாமற் போயிற்று. நூல்களும் ஓவியங்களும் வாங்கிக்கொண்டு, இத்தாலியப் பயணத்தை நினைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தாமே பாடஞ் சொல்லிக்கொண்டு அவர் வாழ்ந்தார். அப்பிள்ளைகளுள் மூத்தவரே 1749 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 28 ஆம் நாள் பிறந்த நம் கவிஞர். விடுதிக்காரரின் பேரன் என்பதைப் பிற்காலத்தில் அவர் அதிகம் பேசியதில்லை. தாய்வழிப் பாட்டனார் நகரத்தின் தலைமை நீதிபதியாக இருந்ததையே விரிவாக எழுதினார். பெரியோரிடத்தும் இத்தகைய சிறு மறைப்புக்கள் உண்டு.

நகர மதிலின் பிரீட்பேர்க் வாயிலுக்கு வெளியே தந்தையாருக்குத் திராட்சைத் தோட்டம் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்திலே நாம் முந்திரிகை என்று வழங்குவதும் இக்கொடியையே. தந்தையார் அதனைக் கண்ணுங் கருத்துமாகப் பேணினார். வீட்டின் நிலவறையோ தாயார் கத்தரீனா எலிசபெத்தின் ஆட்சிக்குட்பட்டது. 1706, 1719, 1726, 1748 ஆகிய ஆண்டுகளின் விளைச்சல்கள் அங்கே பீப்பாக்களிற் கிடந்தன. அம்மையார் தம் கையாலேயே அவற்றைக் கவனித்து, நன்னாட்களில் மாத்திரம் திறப்பார். 1775 ஆம் ஆண்டிலே ஸ்டோல்பேர்க் குலத்து இளம் பிரபுக்கள் இருவர் கதேயின் நண்பராக அவ்வீட்டுக்கு வந்தனர். இருவரும் கவிஞர், இருவரும் விடுதலை வேட்கையினர். ஒரு நாள் உணவு மேசையிலே ஓரிரு போத்தல்கள் காலியானதும், கொடுங்கோலரின் இரத்தத்தைக் குடித்தாலன்றித் தம் தாகம் தணியாது என்று முழங்கத் தொடங்கினர். தந்தையார் தலையை அசைத்துப் புன்னகைத்தார். தாயாரோ ஒன்றும் பேசாமல் நிலவறைக்கு இறங்கிப் போய், மிகப் பழைய செம்மதுவைக் கொணர்ந்து மேசைமேல் வைத்து, கொடுங்கோலரின் மெய்யான இரத்தம் இதுவே, இதைக் குடித்து மகிழுங்கள், கொலைப் பேச்சை மட்டும் என் வீட்டிலே எடாதீர்கள் என்னும் கருத்துப்படச் சொன்னாராம். கதே தம் வாழ்க்கை வரலாற்றில் இதனை விரும்பி எழுதியுள்ளார். குடியின் வெறியைக் குடியின் இன்பத்தாலே அடக்கத் தெரிந்த அத்தாயின் திறமையை யான் மிகவும் மெச்சுகின்றேன். அத்திறமை மகனுக்கும் ஓரளவு வாய்த்தது, பேரனுக்கு வாய்க்கவில்லை.

பதினாறாவது வயதிலே, 1765 இல், சட்டம் பயிலக் கதே லைப்சிக் நகருக்குச் சென்றார். மாணவர் குடிக்குப் பெயர்போன ஊர் அது. அங்கே அவுவர்பாக் நிலவறை என்னும் மதுச்சாலை இன்றும் உள்ளது. அதன் சுவரிலே 1525 ஆம் ஆண்டைப் பொறித்த இரண்டு ஓவியங்கள் இருந்தன. மாயவித்தைக்காரனான பௌஸ்ட் மாணவரோடு அமர்ந்து குடிப்பது ஒன்று. அவன் மதுப் பீப்பாவின்மேல் குதிரையேறுவதுபோல் ஏறி வாயில் வழியே வெளியே பறப்பது மற்றொன்று. அவ்வோவியங்களுக்கு எதிரே இருந்து குடித்த மாணவனே பின்னர் பௌஸ்ட் நாடகத்தை எழுதினான் என்பதை நினைக்க வேண்டும். 1808 இல் வெளிவந்த அந்நாடகத்தின் முதற்பாகத்திலே அந்நிலவறையே ஒரு களமாகின்றது. சாத்தான் மேசை விளிம்பிலே துளையிட்டு, அவரவர் விரும்பிய மதுவை வரவழைக்கின்றான். ஒருவனுக்கு ரைன் மது, ஒருவனுக்கு நுரைக்கும் ஷாம்பேன், ஒருவனுக்கு இன்சுவைத் தோக்காய். ஒருவன் தரையிலே சிந்த, சிந்திய மது தீயாய் எழுகின்றது. சாகுந்தலத்தையும் பௌஸ்டையும் ஒப்பிட்டுப் பேசும் நம்மவர் முன்னுரைக் காட்சியோடு நின்றுவிடுவர். இந்நிலவறைக் காட்சியையும் கருத்தூன்றிப் படித்தல் நன்று. குடிப்பவரின் அசட்டு மகிழ்ச்சியும், பக்கத்தே காத்திருக்கும் தீயும் ஒருங்கே அங்குக் காட்டப்பட்டுள்ளன.

ஜேர்மனியர் என்றவுடன் பியர் என்னும் பானத்தையே நம்மவர் நினைப்பர். அது வாற்கோதுமையை முளைக்கவைத்துக் காயவைத்து, ஹொப் என்னும் கொடியின் கைப்புப் பூவோடு காய்ச்சிப் புளிக்கவைப்பது. பவேரியாவிலும் சக்சனியிலும் துரிங்கியாவிலும் அதற்கே செல்வாக்கு. ரைன், மைன், மோசல் நதிக்கரைகளிலோ திராட்சை மதுவே அரசு செலுத்தும். கதே நதிக்கரையிற் பிறந்தவர். பியரையும் புகையிலையையும் அவர் சிறிதும் விரும்பினாரல்லர். அவை அறிவை மழுங்கச் செய்வன என்பது அவர் எண்ணம். ஆயினும் முதுமையில் நோயுற்று உணவு செல்லாதிருந்த 1823 ஆம் ஆண்டிலே, கோஸ்ட்றிட்ஸ் என்னும் ஊரின் கரும்பியரே அவருக்கு ஊட்டமளித்தது. வெறுத்ததையே மருந்தாக உண்ணும் நிலை எவர்க்கும் வரக்கூடியதே.

1775 ஆம் ஆண்டின் இறுதியிலே பதினெட்டு வயதுள்ள கோமகன் கார்ல் அவுகுஸ்டின் அழைப்பை ஏற்று வைமார் நகருக்குச் சென்றார். அப்போது கதேக்கு இருபத்தாறு வயது; வேர்த்தர் என்னும் நவீனத்தால் ஐரோப்பா எங்கும் பெயர் பரவியிருந்தது. முதற் சில மாதங்களில் இருவரும் செய்த வேட்டையும் குதிரையோட்டமும் குடியும் ஊரெல்லாம் பேச்சாயின. மூத்த கவிஞர் கிளொப்ஸ்தொக் 1776 இல் ஒரு கடிதம் எழுதி, இப்படியே போனால் கோமகன் குடியாற் கெட்டு இளமையிலே மாண்டுபோவான் எனக் கடிந்தார். அக்கிளொப்ஸ்தொக்கே ரைன் மதுவைப் பாடி ஒரு பாட்டியற்றியவர் என்பது வேறு கதை. இத்தகைய கடிதங்களை இனி எழுதவேண்டாம் என்று கதே விடையெழுதினார். நட்பு முறிந்தது. மூத்தவரின் அச்சமும் பலிக்கவில்லை. கோமகன் 1828 வரை, எழுபது ஆண்டு, உயிர் வாழ்ந்தார். கதேயும் சில ஆண்டுகளில் சுரங்கம், சாலை, படை, கருவூலம் ஆகிய துறைகளைப் பொறுப்பேற்று உழைக்கும் அமைச்சரானார். குடியை விட்டாரல்லர், அதற்கு ஓர் அளவு வகுத்துக்கொண்டார்.

அவ்வளவு நம் கணக்கிற் சிறிதன்று. நாளொன்றுக்கு ஒரு போத்தலுக்குக் குறையாமல் அருந்தினார் என்பர். சில நாட்களில் அதனினும் மிகுதி. மதுவின்றி உணவு மேசையில் அமர்வதில்லை. ஆயினும் குடித்துத் தடுமாறினார் என்றோ, குடியால் ஒரு நாள் எழுத்து வேலை நின்றது என்றோ நண்பரும் பகைவரும் எழுதினாரில்லை. காலையில் எழுத்துவேலை, பகலில் விருந்தினரோடு நெடுநேர உணவு, மாலையில் அமைதியான உரையாடல் என்பது அவர் முறை. அவர் உள்ளத்துக்கு உகந்தது வூர்ட்ஸ்பூர்க் நகரின் மது. பிராங்போட்டைத் தொடும் மைன் நதியே வூர்ட்ஸ்பூர்க்கையும் தொடுகின்றது. நகருக்கு மேலே கல் எனப் பெயரிய செங்குத்துச் சரிவிலே வெயில் நன்றாய்ப் பட வளரும் திராட்சையிலிருந்து அதனை எடுப்பர். தட்டையாய் உருண்டு வயிறு பருத்த குறுங்கழுத்துப் போத்தலில் அது வரும். கண்டவுடன் அடையாளந் தெரியும். 1806 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யேனா நகரிலிருந்து வீட்டிற்கு எழுதிய கடிதத்திலே, வூர்ட்ஸ்பூர்க் மது இன்னுஞ் சில போத்தல் அனுப்புக, வேறொன்றும் வாய்க்குப் பிடிக்கவில்லை, பழகிய பானம் இல்லாவிடின் மனம் சலிப்படைகின்றது என்று வேண்டினார். எட்டுக் குடத்தைப் பிடித்தாளுவோர் ஒரு குடத்தால் ஆளப்படுவதும் உண்டு என்று அக்கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

அக்கடிதம் யாருக்கு எழுதப்பட்டதோ அவரைப்பற்றிச் சொல்லவேண்டும். கிறிஸ்தியானே வுல்பியுஸ் என்னும் அப்பெண்மணி செயற்கைப் பூக்கள் செய்யும் சாலையிலே வேலை செய்த ஏழை. 1788 ஆம் ஆண்டில், இத்தாலியிலிருந்து மீண்ட கதேயிடம் தமையனுக்காக ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். அன்றுமுதல் அவரோடு வாழ்ந்தார். பதினெட்டு ஆண்டுகள் மணமின்றி வாழ்ந்தார். வைமார் மேன்மக்கள் அவரை வாயிலில் ஏற்கவில்லை. ஆடலில் விருப்பினள், மதுவில் விருப்பினள் என்று தூற்றினர். மதுவில் அவர் விருப்புடையவர் என்பது உண்மையே. மேசைத் தலையிலிருக்கும் ஆண்மகனுக்கு அதே விருப்பம் பெருமையாயும், பக்கத்திலிருக்கும் பெண்ணுக்கு இழிவாயும் எண்ணப்பட்டது என்பதும் உண்மையே. 1806 ஒக்டோபர் 14 இலே யேனாப் போரில் நெப்போலியன் வென்றபின், பிரெஞ்சுப் போர்வீரர் வைமாரைக் கொள்ளையிட்டனர். கதேயின் வீட்டில் நுழைந்தோர் மதுவுண்டு வெறியேறி, இரவிலே கவிஞரின் அறைக்கே ஏறினர். கிறிஸ்தியானேதான் இடையிற் புகுந்து அவர் உயிரைக் காத்தார். ஐந்து நாட்கழித்துக் கதே அவரைத் தேவாலயத்தில் மணந்தார். கணையாழியில் அக்கொள்ளையிரவின் நாளையே பொறிப்பித்தார். அதன் பின்னும் பெரிய வீட்டுக் கதவுகள் உடனே திறக்கவில்லை. யோகனா சோப்பன்ஹவர் என்னும் எழுத்தாளப் பெண்மணி மட்டும், கதே தம் பெயரையே கொடுத்தவளுக்கு ஒரு கோப்பை தேநீரை நாம் கொடுக்கலாகாதா என்னும் எண்ணத்தோடு தம் வீட்டில் அவரை வரவேற்றார். (அது நம் நாட்டுத் தேயிலையன்று, இலங்கையில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1867 இலே.) மதுவாற் பழிக்கப்பட்ட பெண்ணைத் தேநீர் கரையேற்றியது. 1816 யூன் மாதத்திலே கொடிய நோயால் அவர் இறந்தார். கதே நோய்வாய்ப்பட்டதாகத் தம் அறையிலேயே கிடந்தார். மரணப்படுக்கையின் அருகே இருந்திலர்.

இதற்கு இரண்டாண்டு முன்னர், 1814 ஆம் ஆண்டுக் கோடையிலே, பல ஆண்டுகட்குப் பின் தம் இளமைக் கால நதிக்கரையை அவர் மீண்டும் கண்டார். அவ்வாண்டு ஓகஸ்ட் 16 இல் பிங்கன் நகருக்கு மேலுள்ள குன்றிலே புனித ரோகுஸ் திருவிழா நடந்தது. கொள்ளைநோயினின்று காப்பவர் எனக் கத்தோலிக்கர் வணங்கும் அடியார் அவர். போரிலே 1795 இல் இடிந்த கோயிலைப் புதுக்கி மக்கள் திரண்டிருந்தனர். கதே அதனைப்பற்றி எழுதிய கட்டுரை நம்மூர்க் கோயில் தேர்த்திருவிழாவைப் பார்ப்பது போன்றிருக்கும்: தூசி, வெயில், கொடிகள், பிள்ளைகளின் அழுகை, பொரித்த இறைச்சியின் மணம், எங்கும் மதுக்குவளைகள். மேசையில் உடனிருந்தோர் சொல்லக் கேட்ட ஒரு செய்தியையும் அதிற் சேர்த்துள்ளார். ஓர் உதவி மேற்றிராணியார் நோன்புக்காலத்திலே குடியைக் கண்டித்துப் பிரசங்கித்தாராம். மூன்று நாலு பெருங்குவளையோடு மனைவி மக்களை அடையாளந் தெரியாது போகிறவன் அதற்கு மேற் போகலாகாது. ஆறு குவளை குடித்தும் அறிவு கலங்காமல் தன் கடமையைச் செய்பவன் அதனை நன்றியோடு அனுபவிக்கலாம். எட்டுக் குவளை தாங்கும் ஆற்றலை ஆண்டவன் மிகச் சிலருக்கே அளிப்பான், அடியேனுக்கு அதை அளித்தான் என்று முடித்தாராம். நகைச்சுவையாகவே கதே இதனை எழுதுகின்றார். ஆயினும் அவருடைய சொந்தக் கொள்கையும் ஏறக்குறைய இதுவே. ஒவ்வொருவனும் தன் அளவைத் தானே அறிந்துகொள்ளட்டும் என்பது. அளவை அறியமுடியாதவன் என்ன செய்வது என்பதற்கு அக்கொள்கையில் விடையில்லை.

அப்பயணத்திலேதான் 1811 ஆம் ஆண்டின் ரைன் மதுவை அவர் சுவைத்தார். அவ்வாண்டு வானிலே பெரிய வால்வெள்ளி ஒன்று பல மாதம் தெரிந்தது. கோடையும் இலையுதிர்காலமும் நல்ல வெப்பமாயிருந்தமையால் திராட்சை மிகச் சிறந்து விளைந்தது. மக்கள் வால்வெள்ளி மது என்றே அதை வழங்கினர். அக்காலமே பாரசீகக் கவி ஹாபிசின் பாடல்களை ஹம்மர் என்பாரின் மொழிபெயர்ப்பிலே கதே படித்துக்கொண்டிருந்த காலம். ரைன் கரையும் ஷீராஸ் நகரமும் அவர் உள்ளத்தில் ஒன்றாயின. 1819 இல் வெளிவந்த மேற்குக்கிழக்குத் திவான் என்னும் தொகுப்பின் பன்னிரண்டு பகுதிகளுள் ஒன்று மதுவளிப்போன் பகுதி. மது அங்கே மதுவாகவும், அருளின் குறியாகவும் நிற்கின்றது. யவனர் கப்பலிற் கொணர்ந்த தேறலைப் பாடிய புலவரைப் படித்த நமக்கு இதிற் புதுமை தோன்றாது.

இனி மகனைப்பற்றி. கிறிஸ்தியானே பெற்ற மக்கள் ஐவருள் எஞ்சியவன் 1789 இலே பிறந்த அவுகுஸ்ட் ஒருவனே. அந்நாட்டு வழக்கப்படி சிறுவயதிலேயே மேசை மது அவனுக்குப் பழக்கமாயிற்று. வளர்ந்தபின் கோமகனின் அரசிலே பதவி கிடைத்தது. தந்தையின் கணக்கு வழக்குக்களையும் அவனே பார்த்தான். 1813 இல் நெப்போலியனுக்கு எதிராக இளைஞர் படையிற் சேர்ந்தபோது அவுகுஸ்டும் பெயர் கொடுத்தான். தந்தையார் தம் செல்வாக்கைக் கொண்டு அவனைப் போர்முனைக்குப் போகவிடாமற் செய்தார். ஒரே மகன் என்னும் அச்சம் நமக்கு விளங்காததன்று. ஆயினும் போரிலிருந்து மீண்ட தோழர் அவனைக் கோழையென்று எள்ளினர்; அவ்வடு ஆறவேயில்லை. 1817 இல் ஒட்டீலியேயை மணந்து, தந்தையின் வீட்டு மேன்மாடத்திலேயே குடியிருந்தான். பிள்ளைகள் மூவர் பிறந்தும் இல்லறம் கசந்தது. கீழே தந்தையார் அளவோடு அருந்தினார். மேலே மகன் அளவின்றி அருந்தினான். உலகிலுள்ளோர் அனைவரோடும் மணிக்கணக்காக உரையாடிய கதே இதைப்பற்றி மகனோடு மனந்திறந்து பேசியதாக எங்கும் யான் கண்டிலேன். வேறு பல இடங்களிலே கதேக்காக வாதாட எனக்கு மனமுண்டு, இவ்விடத்தில் இல்லை.

1830 ஏப்ரிலிலே, தந்தையின் செயலாளரான எக்கர்மனோடு அவுகுஸ்ட் இத்தாலிக்குப் புறப்பட்டான். தந்தையைப் புதிதாய்ப் பிறப்பித்த நாடு தன்னையும் பிறப்பிக்கும் என்று நம்பினான் போலும். ஜெனோவாவில் எக்கர்மன் பிரிந்தார். அவுகுஸ்ட் தனியே நேப்பிள்ஸ் வரை சென்று ரோம் நகரை அடைந்தான்; சில நாட்களுக்குள் காய்ச்சலில் வீழ்ந்து, ஒக்டோபர் 27 விடியுமுன் இறந்தான். உயிர் கொண்டது பெரியம்மை என்பர்; நெடுநாட் குடியால் ஈரல் கெட்டிருந்தமையும் அறியப்பட்டது. அயலூரிலே அவனுக்கு உற்றாராய் நின்று வேண்டியவற்றைச் செய்தவர் அவுகுஸ்ட் கெஸ்னர் என்னும் அரச தூதர். அவர் யாரெனில், கதே இளமையிற் காதலித்து, வேர்த்தர் நவீனத்திலே அழியாப் புகழ் கொடுத்த லொட்டேயின் மகன். கற்பனையில் எழுதினால் நம்பமாட்டோம்.

நவம்பர் 10 இலே செய்தி வைமாரை எட்டியது. தாம் பெற்ற மகன் சாவுக்குரியவன் என்பதை அறியாதிருக்கவில்லை என்னும் பொருள்பட இலத்தீன் மொழியிலே கதே ஒரு வாக்கியஞ் சொன்னார் என்பர், கண்ணீர் நிறைந்தது. அதன் பின்னர் மகனின் பேச்சை எவரும் எடுக்க விடவில்லை. அம்மாத இறுதியிலே உள்ளுறுப்பினின்று குருதி பீறிட்டுச் சாவின் விளிம்பை எட்டினார். எண்பத்தோராவது வயதில் அதிலிருந்தும் எழுந்து, வீட்டுக் கணக்கை மறுபடி தாமே ஏற்று, 1831 கோடையிலே பௌஸ்டின் இரண்டாம் பாகத்தை முடித்து முத்திரையிட்டு வைத்தார். 1832 மார்ச் 22 இல் இறந்தார். பேரர் இருவரும் மணம் புரிந்திலர். 1885 இல் வால்தர் இறந்தபோது, மதுவிற்ற பாட்டனாரிலிருந்து வந்த அவ்வழி முடிந்தது. வைமார் வீடு பொதுமக்களின் காட்சிச்சாலையாயிற்று.

அவுகுஸ்டை அடக்கஞ் செய்த இடம் ரோமிலே செஸ்தியுஸ் கூர்நுனிக் கோபுரத்தின் அருகிலுள்ள புரட்டஸ்தாந்தர் கல்லறைத் தோட்டம். 1788 இலே அங்கு உலாவிய கதே, தம் கல்லறை அவ்விடத்தில் இருப்பதாகக் கருதி ஒரு சித்திரம் வரைந்திருந்தார். நாற்பத்திரண்டு ஆண்டுகளின் பின் மகன் அங்கே உறங்கப் போனான். கல்லிலே தோர்வால்ட்சன் என்னும் சிற்பியார் செய்த முகவுருவம் பதிக்கப்பட்டுள்ளது. கீழே இலத்தீனிலே, கதேயின் மகன், தந்தைக்கு முந்தி, நாற்பது வயதில், 1830 இல் மறைந்தான் என்னும் பொருளுடைய சொற்கள் உள. மகனின் சொந்தப் பெயரை அங்கே பொறிக்கவில்லை. சென்ற கிழமை வகுப்பிலே இவ்வளவையும் சொல்லி முடித்தேன். கேள்வி கேட்ட மாணவன் அப்பெயரை மறுமுறை சொல்லும்படி கேட்டுத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான்.